4.6 ஸ்டார் பார்த்து வாங்கிய மாங்கன்று... நாலு வருஷம் கழித்துக் காய்த்தது வேறு! ஆன்லைன் செடிக் கடை ரிவ்யூக்களை நம்பலாமா?

ஏம்பலத்தில் என் அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் நிற்கிறது. 2021-ல், லாக்டவுன் தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஆன்லைனில் வாங்கிய இமாம் பசந்த் ஒட்டுக்கன்று. அந்தக் கடைக்கு 4.6 ஸ்டார், ஆயிரத்துக்கும் மேல் ரிவ்யூ. "இவ்ளோ பேர் நல்லாருக்குன்னு சொல்றாங்களேடா, போட்ரு" என்று அத்தை சொல்ல, ஆர்டர் போட்டது நான்தான்.

கன்று வந்த விதத்தைப் பார்த்து எங்களுக்கே ஆச்சரியம். வேரைச் சுற்றி ஈரமான தேங்காய் நார், அட்டைப் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை, ஒரு இலைகூட உதிரவில்லை. மறுநாளே அத்தையின் போனிலிருந்து 5 ஸ்டார் போட்டேன். "சூப்பர் பேக்கிங், கன்று ஃப்ரெஷ், நம்பி வாங்கலாம்" என்ற மாதிரி ஏதோ எழுதியதாக ஞாபகம்.

2025 கோடையில் மரம் முதல்முறையாகக் காய்த்தது. சின்னச் சின்னக் காய். பழுத்ததும் ஒரே நார், நல்ல புளிப்பு. "இது இமாம் பசந்தா? ஊறுகாய்க்குத்தான்டா ஆகும்" என்றார் அத்தை. நாலு வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்த மரம்.

அந்த 5 ஸ்டாரை நான் காசு வாங்கிக்கொண்டு போடவில்லை. பொய்யும் எழுதவில்லை. ஆனாலும் அதைப் படித்து யாராவது கன்று வாங்கியிருந்தால், அவருக்கு என் ரிவ்யூ எந்த வகையில் உதவியிருக்கும்? போலி ரிவ்யூக்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். செடி விஷயத்தில் அதற்கும் முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது: நேர்மையான ரிவ்யூவே பல நேரம் செடியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பார்சலுக்குத்தான் மார்க், மரத்துக்கு இல்லை

பொருட்களைப் பொருளாதார அறிஞர்கள் ஒரு விதமாகப் பிரிப்பார்கள். சட்டையின் நிறம் மாதிரி, வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை ஒரு வகை. ஹெட்போன், ஓட்டல் சாப்பாடு மாதிரி, பயன்படுத்தினால்தான் தெரியும் என்பவை இரண்டாவது வகை. இந்தப் பிரிவை 1970-ல் பிலிப் நெல்சன் எழுதினார். 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: வாங்கிப் பயன்படுத்திய பிறகும் சாதாரண ஆளால் தரத்தைச் சரிபார்க்க முடியாத பொருட்கள். மெக்கானிக் "இந்த பார்ட் மாத்தியே ஆகணும்" என்று சொல்வது இந்த ரகம்.

ஆன்லைன் ரிவ்யூ நன்றாக வேலை செய்வது இரண்டாவது வகைக்கு. ஹெட்போன் வாங்கியவருக்கு ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். செடியின் கதை வேறு. மாங்கன்று எல்லாமே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இமாம் பசந்தா, ருமானியா, காட்டு மாங்காயா என்று ஓரடிக் கன்றின் இலையை வைத்து நீங்களும் நானும் சொல்ல முடியாது. ஒட்டுக்கன்று காய்க்க மூன்று, நாலு வருஷம். விதையில் முளைத்த பலாவுக்கு அதைவிட இரண்டு மடங்கு காத்திருக்க வேண்டும். ஜாதிக்காயில் இன்னும் மோசம்: ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதைக்கன்று வாங்கினால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும், அது தெரிய ஆறேழு வருஷம்கூட ஆகலாம். பேரீச்சையிலும் இதே கதை.

ஆனால் ஆப் எப்போது ரிவ்யூ கேட்கிறது? டெலிவரி ஆன சில நாளில். "உங்கள் பொருள் எப்படி இருக்கிறது?" என்று நோட்டிஃபிகேஷன் வரும்போது கன்று இன்னும் கவரைவிட்டுத் தரைக்கே போயிருக்காது. அந்த நேரத்தில் வாடிக்கையாளருக்குத் தெரிந்தது மூன்றே மூன்று: பெட்டி, கூரியர், இலை. அதைத்தான் எழுதுகிறார். ஏதாவது ஒரு செடிக் கடையின் ரிவ்யூ பக்கத்தைத் திறந்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். "பேக்கிங்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது, "காய்த்தது" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே விஷயம் புரிந்துவிடும்.

ஆக, 4.6 என்பது பெரும்பாலும் அட்டைப் பெட்டியின் மதிப்பெண். நன்றாகப் பேக் செய்கிற கடைக்கு அது உண்மையான பாராட்டுதான். மேசை மேல் வைக்கிற மணி பிளான்ட், சாமந்தி, ரோஜா வாங்குகிறவருக்கு அதுவே போதும்கூட. வம்பு வருவது ரகத்தின் பெயரைச் சொல்லி, கூடுதல் விலை வைத்து விற்கிற கன்றுகளில். மியாசாகி மாம்பழம், வருஷம் முழுக்கக் காய்க்கும் பலா, விதையில்லா எலுமிச்சை என்று கேட்டாலே ஆசை வருகிற பெயர்கள். அந்தப் பெயருக்குத்தான் காசு, ஆனால் பெயர் உண்மையா என்று ரிவ்யூ எழுதியவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

உலகத்திலேயே இல்லாத விதைக்கும் ஸ்டார் விழும்

சில பொருட்களில் நாலு வருஷம் காத்திருக்கவே தேவையில்லை, பள்ளிக்கூட அறிவியலே போதும்.

குங்குமப்பூ விதை என்று ஆன்லைனில் விற்கிறார்கள். குங்குமப்பூச் செடி விதையே வைக்காது. அது மலட்டுச் செடி. காஷ்மீரின் பாம்போரிலும் சரி, ஈரானிலும் சரி, கிழங்கை நட்டுத்தான் வளர்க்கிறார்கள். பாக்கெட்டில் விதை வந்தால் அது வேறு ஏதோ ஒன்று.

நீல ரோஜா விதை இன்னொரு ரகம். நீல நிறத்துக்குத் தேவையான நிறமியை ரோஜாவால் உருவாக்க முடியாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றித்தான் ஒரு ரோஜாவை உருவாக்கி 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் பார்க்க இளம் ஊதாவாகத்தான் இருக்கும். ஏழு வண்ண வானவில் ரோஜாவோ, வெட்டிய பூவின் காம்பைப் பிளந்து சாயத் தண்ணீரில் வைத்து உருவாக்குவது. அதற்கு விதை எங்கிருந்து வரும்?

நம்ம ஊரில் பிரம்ம கமலம் என்று பெருமையாகக் காட்டும் செடிக்கும் ஒரு கதை உண்டு. உண்மையான பிரம்ம கமலம் இமயமலையின் உயரத்தில் வளர்வது. நம் வீட்டுத் தொட்டியில் இரவில் பூப்பது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த நிஷாகந்தி, ஒரு கள்ளி வகை. இதில் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது, பெயர் அப்படிப் பழகிவிட்டது. விற்பவர் நம்பி விற்கிறார், வாங்குபவர் நம்பி வாங்குகிறார், பூ அழகாகப் பூக்கிறது, 5 ஸ்டார் விழுகிறது.

ஆனால் குங்குமப்பூ விதைக்கு "நல்ல விதை, சீக்கிரம் வந்தது, நன்றி" என்று யாரோ எழுதும்போது, அந்த நன்றி கூரியருக்குப் போகிறது.

காசுக்கு எழுதும் கூட்டம்

இனி நிஜமான போலிகளுக்கு வருவோம். செடிக்கும் போலி ரிவ்யூவுக்கும் உள்ள தொடர்பை உலகமே பார்த்தது 2020 ஜூலையில். அமெரிக்காவில் ஏராளமானோர் வீட்டுக்குத் தாங்கள் கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்தன. மேலே சீன முகவரி, சிலவற்றில் "நகை" என்று லேபிள். 50 மாகாணங்களிலும் புகார். இந்தியாவிலும் வேளாண் அமைச்சகம் 2020 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

இது 'பிரஷ்ஷிங்' என்ற தந்திரமாக இருக்கலாம் என்றது அமெரிக்க வேளாண் துறை. அதாவது, விற்பனையாளரே யாரோ ஒருவர் பெயரில் ஆர்டர் போட்டு, மலிவான எதையோ அனுப்பிவைப்பார். பார்சல் டெலிவரி ஆனதாகப் பதிவாகும். உடனே அந்தப் பெயரில் "பொருளை வாங்கியவர்" என்ற முத்திரையோடு ஒரு 5 ஸ்டார் ரிவ்யூ. நாம் பெரிதாக நம்பும் அந்த முத்திரையே இப்படிக் கிடைக்கக்கூடியதுதான்.

இந்தக் கதைக்குச் சுவையான ஒரு பின்குறிப்பு உண்டு. 2021-ல் 'தி அட்லாண்டிக்' இதழ் இதைத் துருவியபோது, "நான் கேட்கவே இல்லை" என்றவர்களில் பலர் சில வாரங்களுக்கு முன் தாங்களே ஆர்டர் போட்டு மறந்திருந்தது தெரியவந்தது. லாக்டவுனில் எல்லோரும் தோட்டம் போட்ட காலம், பார்சல் தாமதமான காலம். எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே வாங்கியிருக்கிறார்கள். நாம் மட்டும் என்ன!

காசு கொடுத்து ரிவ்யூ வாங்கும் சந்தையை ஷெர்ரி ஹி, பிரெட் ஹோலன்பெக், டேவிட் ப்ரோசெர்பியோ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஃபேஸ்புக் குழுக்களுக்குள் போய்க் கவனித்தார்கள். முறை எளிது: பொருளை வாங்கு, 5 ஸ்டார் போடு, பணம் திரும்ப வரும். 2022-ல் வெளியான அவர்களின் ஆய்வு சொல்வது: ரேட்டிங்கும் விற்பனையும் உடனே ஏறுகின்றன, காசு கொடுப்பதை நிறுத்தியதும் ரேட்டிங் சரிந்து ஒரு ஸ்டார்கள் கூடுகின்றன. அமேசான் அந்த ரிவ்யூக்களில் பெரும் பகுதியை நீக்கியதும் உண்மை. ஆனால் அதற்குச் சராசரியாக 100 நாளுக்கு மேல் ஆனது. ஆடிப்பட்டத்துக்கு விதை தேடுகிறவருக்கு 100 நாள் என்பது ஒரு பட்டமே முடிந்துபோகிற கணக்கு.

இன்னொரு வித்தை, பழைய ரிவ்யூவைப் புதுப் பொருளுக்கு ஒட்டவைப்பது. நல்ல பெயர் வாங்கிய ஒரு பொருளின் பக்கத்தோடு வேறு பொருளை இணைத்துவிட்டால் அதன் ஸ்டார்கள் இதற்கும் வந்துவிடும். இந்தக் குற்றச்சாட்டில் 2023-ல் 'தி பவுன்டிஃபுல் கம்பெனி' என்ற சத்து மாத்திரை நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது அமெரிக்க வர்த்தக ஆணையம். செடிக் கடைகளில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாங்கன்று பக்கத்தில் "துளசி நல்லா வளருது" என்று ரிவ்யூ இருந்தால் ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள்.

கூகுள் மேப்பும் தப்பவில்லை. விதிகளை மீறிய 24 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களை 2024-ல் தடுத்தோம் அல்லது நீக்கினோம் என்று கூகுளே சொல்கிறது. முந்தைய ஆண்டு அது 17 கோடி. "வீட்டிலிருந்தே மேப்பில் ஸ்டார் போட்டால் காசு" என்று டெலிகிராமில் வரும் மெசேஜும் இதே உலகத்தைச் சேர்ந்தது. முதலில் நூறு, இருநூறு தந்து, பிறகு "முதலீடு செய்யுங்கள்" என்று கறந்துவிடுவார்கள். இப்படிப் பகுதிநேர வேலை மோசடி செய்த 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. அந்த வலையில் சிக்கினால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

சரி, ஒரு ஸ்டாரை நம்பலாமா?

அத்தை மரம் காய்த்த கோடையில் நான் கோபமாக ஒரு ஸ்டார் போடக் கிளம்பினேன். அதற்குள் ஊரில் ஒட்டுக் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து மரத்தடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காய்ந்துபோன ஒரு குச்சியின் மிச்சம், பட்டைக்குள் பாதி புதைந்து கிடந்தது.

"தம்பி, உங்களுக்கு வந்தது ஒட்டுக்கன்றுதான். ஒட்டு செத்துப்போச்சு. கீழ வேர்ச்செடி துளிர்த்து மரமாயிருக்கு. கீழத் துளிரைக் கிள்ளி எறியணும்னு யாரும் சொல்லலியா?"

அத்தைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வைத்த மறு வருஷம் ஆடு கடித்து, கன்று மொட்டையாகி, பிறகு "தானா துளிர்த்து" வந்ததாம். துளிர்த்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம் வேறு.

மேலே கட்டியிருந்த குச்சி இமாம் பசந்த்தானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். அப்படியானால் நான் போட இருந்த ஒரு ஸ்டார் அவர் வயிற்றில் அடித்திருக்கும். 5 ஸ்டார் போட்ட அன்று எனக்கு எவ்வளவு தெரியுமோ, ஒரு ஸ்டார் போட நினைத்த அன்றும் அவ்வளவுதான் தெரியும்.

செடி வியாபாரத்தில் இது பெரிய அநியாயம். கூரியர் பெட்டி ரெண்டு நாள் கோடவுனில் வெந்தாலும் கடைக்குத்தான் ஒரு ஸ்டார். இடம் மாறிய செடி இலை உதிர்ப்பது சகஜம், அதற்கும் ஒரு ஸ்டார். கத்திரி வெயிலில் வாங்கி மொட்டை மாடியில் வைத்துக் கருக்கினாலும் "கன்று செத்துப்போச்சு" என்று ரிவ்யூ. "மாத்திக் கொடு, இல்லன்னா மேப்பில் எழுதிடுவேன்" என்று மிரட்டவும் ஆள் உண்டு. ஆயிரக்கணக்கில் ரிவ்யூ வைத்திருக்கும் பெரிய கடைக்கு ஒரு ஒரு ஸ்டார் உறைக்காது. வில்லியனூர் பக்கம் ரோட்டோரத்தில் பந்தல் போட்டு விற்கிற, மொத்தமே பத்துப் பன்னிரண்டு ரிவ்யூ வைத்திருக்கிறவருக்கு அது ரேட்டிங்கையே புரட்டிப்போட்டுவிடும். யெல்ப் தளத்தை வைத்து ஹார்வர்டின் மைக்கேல் லூகா செய்த ஆய்வில், ஒரு ஸ்டார் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கோபமாக எழுதியவருக்கு "வேற கன்று அனுப்புறோம், ரிவ்யூவை எடுத்துடுங்க" என்று மெசேஜ் வரும். அவருக்குக் கன்று கிடைத்துவிடும். அடுத்து வாங்குகிறவருக்கு எச்சரிக்கை கிடைக்காமல் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விற்பனையாளரே வாடிக்கையாளர் போல நடித்து ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்ப எடுக்கவோ, பணம் தரவோ மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "24 மணி நேரத்துக்குள் போட்டோ அனுப்பினால் மட்டுமே ரீஃபண்ட்" என்று கடை எழுதிவைத்திருப்பது உடைந்து வந்த தொட்டிக்குச் சரியாக இருக்கலாம். ரகமே மாறிவிட்டது என்ற புகாரை அந்த ஒரு வரியால் தட்டிக்கழிக்க முடியாது.

ரிவ்யூவுக்கென்றே ஒரு தரநிலையும் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 19000:2022. எழுதுபவர் நிஜ ஆள்தானா என்று மின்னஞ்சல், போன், எஸ்.எம்.எஸ். வழியாகச் சரிபார்ப்பது முதல் ரிவ்யூவை எப்படி வெளியிடுவது என்பது வரை அதில் இருக்கிறது. ஆனால் விருப்பமுள்ள நிறுவனங்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் கொண்டுவந்தார்கள். கட்டாயமாக்குவது பற்றி 2024 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை நிறுவனங்களோடு ஆலோசனை நடத்தியது. அமெரிக்காவில் போலி ரிவ்யூவை வாங்குவதும் விற்பதும் 2024 அக்டோபர் முதல் நேரடியாகத் தடை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல்.

செடி வாங்குபவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. விதை சரியில்லை என்று விவசாயிகள் நுகர்வோர் மன்றம் போக முடியுமா என்ற கேள்வி, தேசிய விதைக் கழகத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2012 ஜனவரியில் நீதிமன்றம், போகலாம் என்றது. விதையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பவில்லையே என்ற வாதமும் எடுபடவில்லை. வாங்கிய விதையை முழுக்க விதைத்துவிடும் விவசாயி, பிற்பாடு சோதனைக்கென்று தனியாக எடுத்துவைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றது.

நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. கடை புனேவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது புதுச்சேரியிலேயே, வழக்குப் போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். சிக்கல் காலக்கெடுவில்: இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மாமரம் காய்க்க நாலு ஆண்டு. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கையில் ரகத்தின் பெயர் எழுதிய பில் வேண்டும். "மிக்ஸ்டு பிளான்ட்ஸ் - 1" என்று வரும் பில்லை வைத்துக்கொண்டு இமாம் பசந்துக்காக வாதாட முடியாது.

அப்போ எப்படித்தான் வாங்குறது?

ரிவ்யூவைத் தூக்கிப் போட வேண்டாம். படிக்கும் வரிசையை மாற்றினால் போதும். போன வாரத்து 5 ஸ்டார்களைத் தாண்டி, "ஒரு வருஷம் ஆச்சு", "பூ வந்துச்சு", "காய்ச்சிருக்கு" என்று சொல்பவர்களைத் தேடுங்கள். பத்துப் பேர் கிடைத்தாலும் அந்தப் பத்துதான் கணக்கு. கடை போடும் படத்தைவிட, வாங்கியவர் தன் வீட்டுச் சுவர், வாளி, துணிக்கொடி தெரிகிற மாதிரி எடுத்த படம் மேல். மூன்று ஸ்டார் ரிவ்யூக்கள் பெரும்பாலும் நிதானமாக எழுதியவையாக இருக்கும், அதையும் பாருங்கள்.

விற்பவரிடம் கேட்க ஒரே கேள்வி: தாய்மரம் எங்கே இருக்கு? பல கடைகள் தாங்களே கன்று வளர்ப்பதில்லை. ஆந்திராவின் கடியம் போன்ற பெரிய நர்சரி ஊர்களிலிருந்து லாரியில் வாங்கி, லேபிள் போட்டு விற்கிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் எங்கே வாங்கினோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தமிழகத்தில் நாற்று, கன்று விற்கும் நர்சரிகளும் விதை விற்பனை உரிமம் எடுக்க வேண்டும் என்று விதை ஆய்வு அதிகாரிகள் அவ்வப்போது அறிவுறுத்துகிறார்கள். உரிம எண் கேட்டால் முகம் சுளிக்காத கடை நல்ல கடை. நல்ல நடவுப்பொருள் கிடைப்பது நாட்டுக்கே பிரச்னை என்பது அரசுக்கும் தெரியும். நோய் தாக்காத பழக்கன்றுகளுக்காக 1,765 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிடும் தூய நடவுப்பொருள் திட்டத்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது அதனால்தான்.

ஏம்பலம், நெட்டப்பாக்கம், பாகூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. நாம்தான் போனைப் பார்த்துக்கொண்டே அதை மறந்துவிடுகிறோம். அந்தந்தப் பகுதியில் வேளாண் துறையின் உழவர் உதவியகம் இருக்கிறது. குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்த மண்ணுக்கு எந்த ரகம் வரும், எங்கே கன்று கிடைக்கும் என்று கேட்கலாம், காசு கிடையாது. பலா வேண்டுமென்றால் எல்லை தாண்டிக் கடலூர் பக்கம் பாலூர். அங்குள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையம் பாலூர்-1 பலா ரகத்தையே வெளியிட்ட இடம். முந்திரிக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம். மேப்பில் எத்தனை ஸ்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரகத்தை உருவாக்கிய இடத்தில் பெயர் மாறிப்போக வாய்ப்பு குறைவு. போவதற்கு முன் போன் செய்து கன்று இருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சீசன் இல்லாத நேரத்தில் வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரும்.

ஆன்லைனில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியைப் பிரிக்கும்போதே லேபிளையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் படம் எடுத்துவையுங்கள். ஒட்டுத் தழும்பே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் நாடா மட்டும் சுற்றியிருந்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். நட்ட பிறகு தழும்புக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளுங்கள். ஆட்டிடமிருந்து காப்பாற்ற முள்வேலி போடுங்கள், அதை எந்த ரிவ்யூவும் சொல்லாது.

நான் எழுதிய 5 ஸ்டாரைத் திருத்த அத்தை போனைத் திறந்தேன். ஆர்டர் பட்டியலில் கன்று இருக்கிறது, தொட்டால் "இந்தப் பொருள் இப்போது இல்லை" என்று வருகிறது. கடையின் பெயரைத் தேடினால் வேறு ஏதோ வருகிறது.

மரத்தை அத்தை வெட்டவில்லை. பெரியவர் சொன்னபடி கிளைகளைக் கழித்துவிட்டு, புதுத் துளிர் வந்ததும் மேலொட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒட்டுக்குச்சி பாகூரில் அத்தையின் நாத்தனார் வீட்டு பங்கனப்பள்ளி மரத்திலிருந்து வந்தது. அந்த மரத்துப் பழத்தை நாங்கள் எல்லோரும் வருஷா வருஷம் சாப்பிட்டிருக்கிறோம். ஆறு ஒட்டில் நாலு பிடித்திருக்கிறது. இந்த முறை கொல்லையைச் சுற்றி வேலி இருக்கிறது.